வரலாற்றாசிரியர் மார்க் பிளாக்கின் வாழ்வில் கல்விப் பணியும் குடும்பமும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றியல் சிந்தனையை மாற்றியமைத்த அறிஞர்களுள் பிரான்சு நாட்டைச் சேர்ந்த மார்க் பிளாக் (1886–1944) முதன்மையானவர். 'அன்னல்ஸ்' இதழின் இணை நிறுவனர், நிலமானியச் சமூகத்தை ஆராய்ந்தவர், நாஜி எதிர்ப்பியக்கத்தில் உயிர் ஈந்தவர் என்னும் மூன்று நிலைகளில் அவர் பெரிதும் அறியப்படுகிறார். அவர் ஆறு குழந்தைகளின் தந்தை என்பதும், பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்புகொண்டிருந்த ஆசிரியர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரது கல்விப் பணியும் குடும்ப வாழ்வும் ஒன்றையொன்று தாங்கிய இடங்களையும், ஒன்றோடொன்று மோதிய இடங்களையும் அவரது வாழ்க்கை நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முதன்மைச் சொற்கள்: மார்க் பிளாக், வரலாற்றுக் கல்வி, அன்னல்ஸ் மரபு, குடும்ப வாழ்வு, சான்றுத் திறனாய்வு, ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகம்.

முன்னுரை

அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் அவர்கள் எழுதிய நூல்களின் வரிசையாகவே அமைந்துவிடுகின்றன. நூல் எழுதப்பட்ட வீடு எப்படிப்பட்டது, அவ்வீட்டில் யார் யார் இருந்தனர், எழுதுவதற்கான ஓய்வை அவ்வறிஞருக்கு யார் தேடித் தந்தனர் என்னும் வினாக்கள் விடுபட்டுப் போகின்றன. சமூகத்தின் அடித்தளத்தில் வாழும் மனிதர்களின் அன்றாட வாழ்வை வரலாற்றின் மையத்திற்குக் கொண்டுவந்தவர் மார்க் பிளாக். அத்தகையவரின் வாழ்வை அவரது அன்றாடத்தின் வழி நோக்குவது அவர் காட்டிய நெறிக்கும் பொருந்துவதாகும்.

பிளாக்கின் வாழ்வில் இவ்வினாவுக்குத் தனித்த அழுத்தம் உண்டு. 1940-ஆம் ஆண்டுக்குப் பின் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் பணி, குடும்பம், நாடு என்னும் மூன்று கடமைகளின் இழுவிசைக்கு நடுவே எடுக்கப்பட்டதாகும். அம்முடிவுகளை விளங்கிக்கொள்ள அவரது இளமையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1. தந்தை வழிக் கல்வி மரபு

மார்க் பிளாக் 1886 ஜூலை 6 அன்று லியோன் நகரில் பிறந்தார். தந்தை குஸ்தாவ் பிளாக் உரோமானிய வரலாற்றுப் பேராசிரியர். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்த குஸ்தாவ், 1870-ஆம் ஆண்டுப் போரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரைக் காக்கும் பணியில் பங்கேற்றவர். அப்போரில் பிரான்சு தோற்று, அல்சாஸ் ஜெர்மனியின் வசமானது. பிறந்த மண்ணை இழந்த அக்குடும்பம் பிரெஞ்சுக் குடியரசின் மீதும், அது வளர்த்த கல்வி நிறுவனங்களின் மீதும் ஆழ்ந்த பற்று வைத்தது.

மார்க் பிறந்த மறு ஆண்டிலேயே தந்தைக்குப் பாரிசிலுள்ள உயர் ஆசிரியர் கல்லூரியில் பணி கிடைத்ததால் குடும்பம் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் குஸ்தாவ் சோர்போன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். தாய் சாரா குடும்பத்தின் நடுநாயகமாக விளங்கினார். அண்ணன் லூயி மருத்துவரானார். நூல்களும் மாணவர்களும் நிறைந்த வீட்டில் வளர்ந்த மார்க்கிற்கு, வரலாறு என்பது தேர்ந்துகொண்ட தொழிலாக மட்டுமன்றிக் குடும்பச் சொத்தாகவும் வந்து சேர்ந்தது எனலாம். ஆசிரியராக வாழ்வதும் இல்லறத்தானாக வாழ்வதும் ஒரே கூரையின் கீழ் நிகழக்கூடியவை என்பதை அவர் தம் தந்தையிடமே முதலில் கண்டார்.

பாரிசில் புகழ்பெற்ற லூயி-லெ-கிரான் பள்ளியில் பயின்ற பிளாக், 1904 முதல் 1908 வரை உயர் ஆசிரியர் கல்லூரியில் கற்றார். 1908-இல் வரலாறு, புவியியல் ஆகியவற்றுக்கான ஆசிரியத் தகுதிப் போட்டித் தேர்வில் வென்றார். அதன்பின் பெர்லின், லைப்சிக் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு பயின்றார். அங்கு அறிந்த ஜெர்மானிய ஆய்வு முறையின் நிறைகுறைகள் இரண்டும் பிற்காலத்தில் அவருக்குப் பயன்பட்டன.

2. பள்ளி ஆசிரியரும் போர்வீரரும்

பிளாக்கின் கற்பித்தல் பணி பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை. 1912-இல் மோன்பெலியே நகரிலும், அடுத்த ஆண்டு அமியான் நகரிலும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக அவர் பணியாற்றினார். 1914 ஜூலையில் அமியான் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் உரையாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவ்வுரையில் மாணவர்களிடம் அவர் எடுத்துக்கொண்ட பொருள், சான்றுகளை ஐயுற்று ஆராயும் முறை பற்றியதாகும். கண்ணால் கண்டவரின் கூற்றும் தவறக்கூடும். ஒரு சான்று மற்றொன்றோடு உடன்படும்போதும் முரண்படும்போதும் வரலாற்றாசிரியர் எவ்வாறு எடைபோட வேண்டும் என்பதை அவர் விளக்கினார். அவ்வுரை நிகழ்ந்து மூன்று வாரங்களுக்குள் போர் மூண்டது.

காலாட்படையில் சார்ஜன்ட்டாகச் சேர்ந்த பிளாக், நான்காண்டுகள் போரில் ஈடுபட்டுக் கேப்டன் நிலைக்கு உயர்ந்தார். 1915-இன் தொடக்கத்தில் டைபாய்டு காய்ச்சலால் உயிருக்குப் போராடினார். நான்கு முறை படைப் பாராட்டுக் குறிப்புகளைப் பெற்றதோடு, போர்ச் சிலுவை, லெஜியன் ஆஃப் ஹானர் ஆகிய சிறப்புகளையும் பெற்றார்.

பள்ளி மேடையில் பேசிய பொருளைப் பதுங்குகுழி அவருக்கு நேரில் காட்டியது. 1917-இல் பிரேன் என்னும் பிரெஞ்சு ஊரின் அருகே ஒரு ஜெர்மானிய வீரர் பிடிபட்டார். அவர் பிரேமன் என்னும் ஜெர்மானிய நகரைச் சேர்ந்தவர். பிரெஞ்சு மொழியில் இவ்விரு ஊர்ப் பெயர்களும் ஒலிப்பில் நெருங்கியவை. சிறிது நேரத்திற்குள், போருக்கு முன்பே பிரேன் ஊரில் குடியேறி வணிகம் செய்த ஒற்றர் ஒருவர் பிடிபட்டார் என்னும் வதந்தி வீரர்களிடையே பரவியது. செவியில் நேர்ந்த சிறு பிழை ஒன்று, மக்கள் மனத்தில் முன்பே குடிகொண்டிருந்த அச்சத்தோடு சேர்ந்து செய்தியாக உருவெடுத்ததைப் பிளாக் கூர்ந்து நோக்கினார். போர்க்காலப் பொய்ச் செய்திகள் பற்றி 1921-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்வனுபவத்தின் விளைவாகும். பொய்ச் செய்தி என்பது ஒதுக்கத்தக்கதன்று, அது ஒரு சமூகத்தின் மனநிலையைக் காட்டும் சான்று என்னும் கருத்தை அவர் அதில் நிலைநாட்டினார்.

3. ஸ்ட்ராஸ்பர்க் ஆண்டுகள்: பாடமும் இல்லறமும்

1919-ஆம் ஆண்டு பிளாக்கின் வாழ்வில் இரண்டு தொடக்கங்களைக் கொண்டது. அவ்வாண்டு ஜூலையில் அவர் சிமோன் விடாலை மணந்தார். அவ்வாண்டிலேயே ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடைக்கால வரலாறு கற்பிக்கும் பணியை ஏற்றார். தந்தை காக்க முயன்ற நகரம் மீண்டும் பிரான்சின் வசமான பின், மகன் அங்கு ஆசிரியராகச் சென்றார் என்பது நோக்கத்தக்கது. அடுத்த பதினேழு ஆண்டுகள் அந்நகரமே அவரது பணியிடமாகவும் வாழிடமாகவும் அமைந்தது.

1920-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில் சிமோன், மார்க் இணையருக்கு நான்கு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் பிறந்தனர். இதே காலத்தில் அவர் ஆற்றிய பணிகளை இதனோடு இணைத்து நோக்க வேண்டும். 1920-இல் அரசர்களையும் பண்ணையடிமைகளையும் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். 1924-இல், நோய் தீர்க்கும் ஆற்றல் அரசர்க்கு உண்டு என்னும் நம்பிக்கையை ஆராயும் பெருநூலை வெளியிட்டார். 1928-இல் ஆஸ்லோவில் நடந்த பன்னாட்டு வரலாற்று மாநாட்டில் ஒப்பீட்டு வரலாற்று முறை குறித்து உரையாற்றினார். 1929 ஜனவரியில் லூசியன் ஃபெவ்ருடன் இணைந்து 'அன்னல்ஸ்' இதழைத் தொடங்கினார். 1931-இல் பிரெஞ்சு நாட்டுப்புற வேளாண் வரலாறு பற்றிய நூல் வெளிவந்தது. தொட்டில் ஓயாத பத்தாண்டுகளே அவரது எழுதுகோல் ஓயாத பத்தாண்டுகளாகவும் இருந்தன.

இந்நூல்களுள் இரண்டு, குடும்பத்தோடும் வாழிடத்தோடும் அவருக்கிருந்த உறவை உணர்த்துவன. பிரான்சிலும் இங்கிலாந்திலும் அரசர் தம் கையால் தொட்டால் கண்டமாலை நோய் நீங்கும் என்று மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலம் வரையிலும், பிரான்சில் 1825-இல் பத்தாம் சார்லஸ் முடிசூடிய நாள் வரையிலும் இவ்வழக்கம் நிலவியது. இதனை ஆராய்வதற்கு மருத்துவ அறிவும் தேவைப்பட்டது. மருத்துவரான அண்ணன் லூயியுடனான உரையாடல்கள் அவ்வாய்வுக்கு உறுதுணையாயின. நூல் வெளிவரும் முன்பே 1922-இல் அண்ணனும் 1923-இல் தந்தையும் மறைந்தனர். வேளாண் வரலாற்று நூலோ வயல்களின் வடிவத்திலிருந்து தொடங்குகிறது. நீண்ட திறந்த வயல்கள், வேலியிட்ட வயல்கள், சக்கரம் பூட்டிய கனத்த கலப்பை, இலகுவான கலப்பை, மூன்றாண்டுச் சுழற்சிப் பயிர்முறை ஆகியவற்றைக் கொண்டு அறியப்பட்ட நிகழ்காலத்திலிருந்து அறியப்படாத இறந்தகாலத்தை நோக்கிப் பின்னோக்கிச் செல்லும் முறையை அவர் கையாண்டார். நாட்டுப்புறத்தை ஆவணங்களில் மட்டும் கண்டவராக அவர் இருக்கவில்லை. மத்திய பிரான்சின் கிரேஸ் மாவட்டத்தில் ஃபூஜேர் என்னும் சிற்றூரில் குடும்பத்திற்கென வாங்கிய வீட்டில் விடுமுறைகளைக் கழித்தார்.

4. சிமோனின் பங்கு

பத்தாண்டுகளில் இத்துணைப் பணி கைகூடியமைக்கு மார்க் பிளாக்கின் உழைப்பு மட்டும் காரணமாகாது. சிமோன் வசதி படைத்த பொறியாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவ்வசதி, ஊதியத்தை மட்டும் நம்பியிராமல் ஆய்வில் ஈடுபடும் வாய்ப்பைப் பிளாக்கிற்கு அளித்தது. அதனினும் பெரியது அவரது உழைப்பு. ஆறு குழந்தைகள் உள்ள வீட்டை நடத்தியதோடு, கணவரின் கையெழுத்துப் படிகளைப் படித்தும் தட்டச்சு செய்தும் அவருக்குச் செயலாளராக விளங்கியவர் சிமோன். பிளாக்கின் நூல்களில் சிமோனின் பெயர் இணையாசிரியராக எங்கும் இடம்பெறவில்லை. ஆயினும் அந்நூல்களின் ஆக்கத்தில் அவருக்குரிய பங்கை மறுத்தல் இயலாது. அக்காலப் பேராசிரியர் குடும்பங்கள் பலவற்றிலும் இந்நிலையே காணப்பட்டது. பணிக்கும் குடும்பத்திற்கும் இடையே ஓர் ஆண் கண்ட சமநிலை என்பது, பெரும்பாலும் ஒரு பெண் இருபுறமும் சுமந்த சுமையின் மறுபெயராகவே இருந்தது.

தந்தை என்னும் நிலையில் பிளாக் கண்டிப்பானவர். பிள்ளைகளின் கல்வியில் நேரடியாக ஈடுபட்டார்; அவர்களது வீட்டுப்பாடங்களில் உதவினார். மாணவரின் கட்டுரையில் காட்டும் அதே கறார்த்தன்மையைத் தம் பிள்ளைகளிடமும் காட்டினார். மூத்த மகன் எத்தியேன் அவரது கடுஞ்சொற்களுக்கு அடிக்கடி ஆளானார். குறைகளைச் சுட்டுவதில் அவர் காட்டிய கூர்மை, பாராட்டுவதில் வெளிப்பட்டதில்லை. மனைவியுடனான இல்வாழ்வில் தாம் பெருமகிழ்ச்சி கண்டதாக அவர் பிற்காலத்தில் குறித்துள்ளார். இவ்விரண்டும் ஒரே மனிதரின் இயல்புகளே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது, சான்றுகளை முழுமையாக எடைபோடச் சொன்னவருக்குச் செய்யும் நீதியாகாது.

5. பாரிசும் கல்விச் சீர்திருத்தச் சிந்தனையும்

1933-இல் ஃபெவ்ர், கொலேஜ் த பிரான்ஸ் நிறுவனத்திற்குச் சென்றார். பிளாக்கும் அங்கு இடம்பெற முயன்று வெற்றி பெறவில்லை. 1936-இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் வரலாற்று இருக்கை அவருக்குக் கிடைத்தது. வளர்ந்துவரும் பிள்ளைகளின் மேற்கல்விக்கும் இம்மாற்றம் ஏற்றதாயிற்று. நிலமானியச் சமூகம் பற்றிய அவரது இரு தொகுதிகள் 1939-இலும் 1940-இலும் வெளிவந்தன. மன்னர், போர் என்னும் வரம்புகளைத் தாண்டி, உறவுமுறை, நினைவு, காலம் பற்றிய உணர்வு, மனிதர்க்கிடையிலான சார்பு ஆகியவற்றின் வழி ஒரு முழுச் சமூகத்தை விளக்கிய நூல் அது.

வரலாறு கற்பிக்கப்படும் முறை பற்றி அவர் கொண்டிருந்த கவலையும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 1937-இல் ஃபெவ்ருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஆசிரியத் தகுதிப் போட்டித் தேர்வின் குறைகளை அவர் எடுத்துக்காட்டினார். தேர்வுக்காக மட்டும் படிக்கும் பழக்கம் மாணவரின் ஆர்வத்தையும் ஆசிரியரின் சுதந்திரத்தையும் ஒருசேரக் கெடுக்கிறது என்பது அவரது கருத்து. ஆசிரியராகவும், பள்ளி செல்லும் பிள்ளைகளின் தந்தையாகவும் இருந்தவருக்குக் கல்வியின் இருமுனைகளும் தெரிந்திருந்தன.

6. 1940: தோல்வியும் தன்னாய்வும்

1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிளாக்கிற்கு வயது ஐம்பத்து மூன்று. வயதும், ஆறு குழந்தைகளின் தந்தை என்னும் நிலையும் படைப்பணியிலிருந்து விலக்குப் பெறப் போதுமானவை. அவர் அவ்விலக்கை நாடாது மீண்டும் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் படையின் மிக மூத்த கேப்டன் தாமே என்று அவர் தம்மைக் குறித்துக்கொண்டார். முதலாம் படைப்பிரிவின் எரிபொருள் வழங்கல் அவரது பொறுப்பில் இருந்தது. 1940 மே மாத இறுதியில் டன்கர்க்கிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்ற அவர், அங்குத் தங்காமல் உடனே பிரான்சுக்குத் திரும்பினார். ஜூன் மாதத்தில் ரென் நகருக்குள் ஜெர்மானியப் படை நுழைந்தபோது, சீருடையைக் களைந்து, வரலாற்றுப் பேராசிரியர் என்னும் தம் உண்மை அடையாளத்துடன் விடுதி ஒன்றில் தங்கிப் பிடிபடாது தப்பினார். பின்னர் ஃபூஜேரில் குடும்பத்தை அடைந்தார்.

அவ்வாண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை, நாட்டின் தோல்வியை ஆராயும் நூலொன்றை அங்கு எழுதினார். சான்று கூறுபவரின் தகுதி, தோற்றவரின் சாட்சியம், பிரெஞ்சுக் குடிமகன் ஒருவரின் மனச்சான்று ஆய்வு என மூன்று பகுதிகளைக் கொண்ட அந்நூல் அவர் மறைந்த பின் 1946-இல் வெளிவந்தது. தளபதிகளின் சிந்தனை முந்தைய போரிலேயே தேங்கி நின்றதை அவர் கடுமையாகச் சாடினார். அத்துடன் நில்லாது தம் தலைமுறை ஆசிரியர்களையும் குற்றக்கூண்டில் ஏற்றினார். நூலறையிலும் ஆய்விலும் மனநிறைவு கண்டு, பொதுவெளியில் எச்சரிக்கை எழுப்ப வேண்டிய கடமையைத் தாமும் தம்மொத்தாரும் தவறவிட்டதாக அவர் கருதினார். அவரளவில், பணிக்கும் வீட்டுக்கும் இடையே கண்ட சமநிலை மூன்றாவதான குடிமைக் கடமையை மறக்கச் செய்திருந்தது.

7. நுழைவிசைவுச் சிக்கல்: பிரியாக் குடும்பம்

1940 அக்டோபர் 3 அன்று விஷி அரசு இயற்றிய சட்டம் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கியது. ஆய்வுத் துறையில் ஆற்றிய சிறப்புப் பணிக்காகப் பிளாக்கிற்கு 1941 ஜனவரியில் விலக்கு அளிக்கப்பட்டது. கிளெர்மோன்-ஃபெரானுக்கு இடம்பெயர்ந்திருந்த ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தார்.

இக்காலத்தில் நியூயார்க்கிலுள்ள நியூ ஸ்கூல் ஃபார் சோசியல் ரிசர்ச் நிறுவனத்திலிருந்து அவருக்குப் பணி அழைப்பு வந்தது. உயிர் தப்புவதற்கும் ஆய்வைத் தொடர்வதற்கும் அது வழி திறந்தது. ஆனால் எண்பது வயதைக் கடந்த தாய்க்கும், வயதுவந்த பிள்ளைகளுக்கும் அமெரிக்க நுழைவிசைவு பெறுவதில் தடைகள் எழுந்தன. தாயையும் எந்தப் பிள்ளையையும் விட்டுச் செல்ல அவர் ஒருப்படவில்லை. கடிதங்களிலும் அலுவலகப் படிகளிலும் மாதங்கள் கழிந்தன. 1941 ஏப்ரலில் தாய் சாரா காலமானார். எனினும் பிரான்சை விட்டு வெளியேறும் அனுமதி, கப்பல் வழி ஆகியவை உரிய காலத்தில் ஒருங்கே கைகூடவில்லை. பணி அழைப்பின் காலவரம்பும் முடிந்தது. குடும்பம் முழுவதும் செல்ல இயலாதெனின் தாமும் செல்வதில்லை என்ற முடிவே அவரைப் பிரான்சில் நிறுத்தியது.

இதே காலத்தில் ஃபெவ்ருடன் ஒரு மனக்கசப்பும் நேர்ந்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பாரிசில் 'அன்னல்ஸ்' தொடர வேண்டுமானால், யூதரான பிளாக் அதன் இணை உரிமையிலிருந்து விலக வேண்டும் என்று ஃபெவ்ர் வற்புறுத்தினார். விலகுவது அநீதிக்கு உடன்படுவதாகும் எனப் பிளாக் முதலில் மறுத்தார். பின்னர் இதழின் உயிர் கருதி இசைந்தார். தாம் வளர்த்த இதழில் ஃபூஜேர் என்னும் புனைபெயரில் தொடர்ந்து எழுதினார். குடும்பம் வாழ்ந்த சிற்றூரின் பெயரே அவரது எழுத்துக்கு மறைப்பாயிற்று.

நுரையீரல் உறை அழற்சியால் நலிவுற்ற மனைவிக்கு ஏற்ற தட்பவெப்பம் கருதி, மோன்பெலியே பல்கலைக்கழகத்திற்கு மாற்றம் கேட்டுப் பெற்றார். அங்கு அவரை எல்லாரும் வரவேற்கவில்லை. பாரிசிலிருந்த அவரது இல்லத்தை ஜெர்மானியர் கைப்பற்றியதோடு, வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் எடுத்துச் சென்றனர்.

8. சிறுவனின் வினாவும் முற்றுப்பெறா நூலும்

நூலகமற்ற இவ்வாண்டுகளிலேயே வரலாற்றாசிரியரின் தொழில்நெறி பற்றிய தம் இறுதி நூலைப் பிளாக் எழுதினார். தமக்கு நெருங்கிய சிறுவன் ஒருவன், வரலாற்றாசிரியரான தன் தந்தையிடம் வரலாற்றின் பயன் யாது எனக் கேட்டதாகக் கூறி அந்நூல் தொடங்குகிறது. அச்சிறுவன் பிளாக்கின் மகன்களுள் ஒருவனே என வாசகர் பலர் கொண்டனர். பெயரைக் கூறாது விட்டமையால் அது எந்த வீட்டுக் குழந்தையும் கேட்கக்கூடிய வினாவாயிற்று. அவ்வினாவுக்கு அருகிலேயே மற்றொரு நினைவையும் அவர் வைத்தார். பாரிசு வீழ்ந்த நாளில், வரலாறு நம்மை ஏமாற்றிவிட்டதோ என்று படை அலுவலர் ஒருவர் ஐயுற்றதே அது. வீட்டில் எழுந்த வினாவும் களத்தில் எழுந்த வினாவும் ஒன்றே என்பதை அவர் கண்டார்.

சான்றுகளைத் திரட்டுதல், ஐயுறுதல், ஒப்பிடுதல், தீர்ப்பு வழங்குவதினும் விளங்கிக்கொள்வதை மேலாகக் கருதுதல் என அந்நூலின் கருத்துகள் விரிகின்றன. அமியான் பள்ளி மேடையில் 1914-இல் தொடங்கிய சிந்தனையின் முதிர்ந்த நிலை அது. மறைந்த தாயின் நினைவுக்கும், நண்பர் ஃபெவ்ருக்கும் உரிய சொற்களை அவர் அதன் முகப்பில் வைத்தார். காரணகாரியம் பற்றிய இயலின் நடுவே நூல் நின்றுவிட்டது.

9. லியோன்: இறுதி ஆண்டு

1942 நவம்பரில் ஜெர்மானியர் தெற்குப் பிரான்சையும் ஆக்கிரமித்தபோது பிளாக் மோன்பெலியேயை விட்டு ஃபூஜேருக்குச் சென்றார். 1943-இல் லியோன் நகரில் எதிர்ப்பியக்கத்தோடு இணைந்தார். இருபது வயது இளைஞர் ஒருவர் அவரை இயக்கத் தோழர்களிடம் அறிமுகப்படுத்தினார். மாணவர் வயதினரின் கட்டளைகளை ஏற்றுச் செய்தி சுமப்பதில் தொடங்கிய பேராசிரியர், விரைவில் அப்பகுதியின் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். நார்போன் முதலிய மறைபெயர்கள் அவருக்கு வழங்கின. மறைவாக வெளிவந்த அரசியல் இதழொன்றில், விடுதலைக்குப் பின் கல்வியைச் சீர்திருத்துவது பற்றியும் எழுதினார். உயிருக்கு உறுதியில்லாத நாள்களிலும் பள்ளிகளின் எதிர்காலம் அவர் சிந்தையில் இருந்தது.

1944 மார்ச் 8 அன்று லியோனில் கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது. மோன்லுக் சிறையில் கடும் சித்திரவதைக்கு உள்ளானார். அங்கும் சிறைத்தோழர் ஒருவருக்குப் பிரெஞ்சு வரலாற்றைக் கற்பித்தார். ஜூன் 16 இரவில் பிற கைதிகளோடு செந்-திதியே-த-ஃபோர்மான் அருகே ஒரு வயல்வெளிக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். வயல்களின் வடிவத்திலிருந்து ஒரு நாட்டின் வரலாற்றைப் படித்தறிந்தவரின் வாழ்வு வயலிலேயே முடிந்தது. நோயுற்றிருந்த சிமோன் ஜூலை 2 அன்று லியோனில் காலமானார். இருவர் மறைவுக்கும் இடைப்பட்டவை பதினாறு நாள்களே. பிளாக்கின் முடிவு ஐயத்திற்கிடமின்றி உறுதியானது, எஞ்சிய உடைமைகளைக் குடும்பத்தினர் அடையாளம் கண்ட பின்னரே.

1941 மார்ச்சில் எழுதிய இறுதி விருப்பத்தில், தாம் யூதராகப் பிறந்ததை ஒருபோதும் மறுக்கவில்லை எனவும், பிரெஞ்சுக்காரராகவே வாழ்ந்து இறப்பதாகவும் அவர் பதிந்திருந்தார். கல்லறையில் பட்டங்களைப் பொறிக்க வேண்டாம் எனவும், உண்மையின்பால் தாம் கொண்ட பற்றைக் குறிக்கும் இரண்டு இலத்தீன் சொற்களே போதும் எனவும் வேண்டியிருந்தார்.

முடிவுரை

பிளாக்கின் முற்றுப்பெறா நூலை 1949-இல் ஃபெவ்ர் பதிப்பித்தார். நீதித்துறையில் பணியாற்றிய மூத்த மகன் எத்தியேன், தந்தையின் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி 1993-இல் திருத்தமான பதிப்பை வெளியிட்டார். தந்தையின் கடுமைக்கு அதிகம் ஆளான மகனே, தந்தை கற்பித்த சான்றுத் திறனாய்வு நெறியைத் தந்தையின் நூலுக்கே பயன்படுத்தினார். குடும்பமும் கல்விப் பணியும் இறுதியாக ஒன்றுகூடிய இடம் இதுவே. மார்க் பிளாக்கைப் பந்தியோன் நினைவகத்தில் சேர்த்துச் சிறப்பிக்கும் முடிவைப் பிரெஞ்சு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

இவ்வாய்வின் வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பிளாக்கின் கற்பித்தலும் ஆய்வும் தந்தை, அண்ணன், தாய், மனைவி, மக்கள் என்னும் குடும்ப வட்டத்தின் துணையோடு வளர்ந்தவை. இரண்டாவது, அவர் கண்ட சமநிலை குறையற்றதன்று. அதன் சுமையில் பெரும்பகுதியைச் சிமோன் தாங்கினார், பிள்ளைகள் அதன் கடுமையை உணர்ந்தனர். மூன்றாவது, பணியும் குடும்பமும் எதிரெதிராக நின்ற 1941-இல் அவர் குடும்பத்தை விட்டுப் பிரிய மறுத்தார். நாடும் குடும்பமும் எதிரெதிராக நின்ற 1943-இல் குடும்பத்தைப் பிரிந்து சென்றார். இவ்விரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும், தம் பாதுகாப்பை இறுதியில் வைத்து எண்ணிய ஒருவரின் முடிவுகள் என்னும் வகையில் ஒன்றுபடுகின்றன.